‘நன்றி: இணையம்’ என்றொரு பொய்

தமிழில் இன்று ஓர் ஓவியமோ புகைப்படமோ கைமாறிப் போகும்போது அதன் அடியில் அதிகமாகக் காணக் கிடைக்கும் பெயர் எந்தக் கலைஞருடையதும் அல்ல. ‘படம்: இணையம்’, ‘நன்றி: கூகுள்’ என்ற இரண்டும்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. கல்லூரி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், கவிதைத் தொகுப்பின் அட்டை, யூடியூப் காணொளியின் முகப்புப் படம், மன்றக் கூட்டத்தின் ஃப்ளெக்ஸ் பேனர் என எங்கும் இதே வரி. பல இடங்களில் அதுவும் கிடையாது. படத்தின் மூலையில் ஓவியர் போட்ட கையெழுத்து, அளவுக்குப் பொருந்தவில்லை என்று வெட்டப்பட்டிருக்கும்.

இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், கோயில் விழாக் குழுவினர், சிறுபத்திரிகை நடத்துபவர்கள், கவிதை எழுதும் இளைஞர்கள். அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு தேங்காயைக்கூட கேட்காமல் எடுக்க மாட்டார்கள். ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவர்கள் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும் நம்பிக்கை வேறு. இணையத்தில் ஏற்றிவிட்டாலே அது பொதுச் சொத்து. வரைந்தவர் பெயரைப் போடுவது பெருந்தன்மை. போடாவிட்டாலும் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. இந்த நம்பிக்கை முழுக்கத் தவறானது. அதனால் விளையும் நஷ்டத்துக்கு ஆளும் பெயரும் தேதியும் உண்டு.

2010 ஜனவரி 12. ஹெய்ட்டி நாட்டின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் நிலநடுக்கத்தில் சரிந்தது. அந்த மண்ணிலேயே பிறந்த புகைப்படக் கலைஞர் டேனியல் மொரெல் அப்போது நகரத்தில் இருந்தார். இடிபாடுகளுக்கு நடுவே நடந்து படமெடுத்து, அன்று மாலையே ட்விட்டரோடு இணைந்த ட்விட்பிக் தளத்தில் ஏற்றினார். சற்று நேரத்தில் பக்கத்து நாடான டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஒருவர் அந்தப் படங்களை எடுத்துத் தம்முடைய படங்கள் போலத் தம் கணக்கில் போட்டார். பிரான்சின் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்த இரண்டாவது கணக்கிலிருந்து படங்களை எடுத்தது. கெட்டி இமேஜஸ் என்ற பட விநியோக நிறுவனத்தின் வழியாக உலகம் முழுக்க விநியோகித்தது. பேரழிவின் அடையாளமாகவே மாறிவிட்ட படங்களின் அடியில், ஒரு படம்கூட எடுக்காதவரின் பெயர் அச்சானது.

மொரெல் எதிர்ப்புத் தெரிவித்தார். நிறுவனம் தானே முந்திக்கொண்டு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அது வைத்த வாதத்தில், இன்று தமிழ் முகநூல் பக்கங்கள் சொல்லும் அதே நியாயம்தான் சட்ட மொழியில் இருந்தது: ட்விட்டரில் ஏற்றிய படத்தைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தலாம், தளத்தின் விதிமுறையே அதற்கு இடம் தருகிறது. 2013 ஜனவரியில் நீதிபதி அதை நிராகரித்தார். ஒரு தளத்தில் படத்தை ஏற்றுவதால் படைத்தவரின் உரிமை ஊராருக்குப் போய்விடாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள் எட்டுப் படங்களுக்காகச் சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீட்டை மொரெலுக்கு அறிவித்தார்கள்.

மொரெல் வென்றார். ஆனால் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. தம் சொந்த ஊர் செத்துக்கொண்டிருந்த நாளில் அதன் சாட்சியாக நின்ற மனிதர், அந்தப் படங்களின் உரிமை தம்முடையதே என்று உலகின் மிகப் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்றோடு போராட வேண்டியிருந்தது. எடுத்த இடத்தில் நின்று ‘இது யாருடையது?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியதன் விலை இது. முதல் கை தவறினால் அடுத்து வரும் ஆயிரம் கைகளும் அந்தத் தவற்றையே நகலெடுக்கும். சரியான பெயர் பின்னால் ஓடிப் பிடிப்பது அபூர்வம்.

‘பெயர் போடாவிட்டால் என்ன நஷ்டம்’ என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா புறநகரில் ஜலையா ஹார்மன் என்ற 14 வயதுப் பெண் ஒரு பாடலுக்கு நடன அசைவுகளை அமைத்துத் தன் கணக்குகளில் பதிவேற்றினாள். ‘ரெனகேட்’ என்ற அந்த நடனம் டிக்டாக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கோடிக்கணக்கானவர்கள் பின்தொடரும் நட்சத்திரங்கள் அதை ஆடினார்கள்; அதனால் அவர்களுக்கு விளம்பர ஒப்பந்தங்களும் மேடைகளும் பெருகின. அந்தக் காணொளிகளின் கீழே போய், ‘இது நான் அமைத்தது, என் பெயரைச் சேர்த்துவிடுங்கள்’ என்று ஜலையா எழுதிக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் பதில் வரவில்லை. 2020 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ அவளைத் தேடிப் போய் எழுதியது. அந்தச் செய்தி வந்த சில நாட்களிலேயே சிகாகோவில் நடந்த என்.பி.ஏ. கூடைப்பந்து நட்சத்திர ஆட்டத்தின் அரங்கில் அவள் ஆடினாள். அதே நடனம், அதே சிறுமி. இடையில் மாறியது ஒன்றுதான்: யார் அமைத்தது என்பது ஊருக்குத் தெரிந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டிக்டாக்கில் நடனம் அமைத்தவரின் பெயரைக் குறிப்பிடும் வழக்கம் வேரூன்றியது. 2022இல் அதற்கென்றே தனி வசதியை அந்த நிறுவனம் சேர்த்தது.

ஜலையாவுக்குக் கிடைத்த நல்லூழ் கிரிகரி கோல்மனுக்குக் கிடைக்கவில்லை. அவர் வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ இசைக் குழுவின் டிரம்ஸ் கலைஞர். 1969இல் வந்த ‘அமென், பிரதர்’ என்ற பாடலின் நடுவே அவர் தனியாக வாசித்தது ஏழு விநாடிதான். எண்பதுகளில் தொடங்கி அந்த ஏழு விநாடியை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாடல்கள் செய்யப்பட்டன. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் போன்ற இசை வகைகள் அதன் மேல்தான் எழுந்தன. கோல்மன் 2006இல் வீடற்றவராக, வறுமையில் இறந்தார். 2015இல் பிரிட்டனைச் சேர்ந்த இசைக் கலைஞர்கள் குற்ற உணர்வோடு ரசிகர்களிடம் 24,000 பவுண்டு திரட்டி, அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். கோல்மன் அப்போது உயிரோடு இல்லை. காப்புரிமைச் சட்டம் அவருக்குப் பணம் வாங்கித் தந்திருக்குமா என்பது வேறு கேள்வி. பாடலின் உரிமை அவரிடம் இருக்கவில்லை. ஆனால் அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் ‘டிரம்ஸ்: கிரிகரி கோல்மன்’ என்ற ஒரு வரி இருந்திருந்தால், அந்தத் தாளத்துக்கு ஆடிய ஒரு தலைமுறை அவரைத் தேடிப் பிடித்து மேடையில் ஏற்றியிருக்கும். கலைஞருக்கு அடுத்த வேலை வருவது பெயர் வழியாகத்தான். பெயரை உருவினால் அந்த வழி அடைபடுகிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைகளை நிறைத்தார்கள். காலண்டர் ஓவியம் என்று சிலர் ஏளனமாக ஒதுக்கிய காலத்திலும், அந்தப் படங்களின் அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அவரும் அவருடைய சீடர் டி.எஸ். சுப்பையாவும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்களும் உண்டு. சீடனின் பங்கைக் குரு மறைக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் வந்து விழும் அதே முருகனின் அடியில் ஏதோ ஒரு பக்தி சேனலின் முத்திரை இருக்கிறது. கொண்டையராஜுவின் கையெழுத்து இருந்த ஓரம் வெட்டப்பட்டுவிட்டது. கல்கி இதழில் 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் ஓவியர் மணியம். அந்த முகங்களைத் தங்கள் பக்கத்தின் முகப்பில் வைத்திருக்கும் சோழர் வரலாற்று ஆர்வலர்களில் எத்தனை பேர் மணியத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள்?

மிகவும் வலிக்கும் உதாரணம் எஸ். இளையராஜா. கும்பகோணத்தை ஒட்டிய கிராமத்தில் பிறந்த ஓவியர். வெயில் விழும் முற்றம், கதவோரம் நிற்கும் பெண், திரி போடும் விரல்கள் என்று அவர் வரைந்தவை புகைப்படமா ஓவியமா என்று பார்த்தவர்களை மயங்க வைத்தன. அந்த மயக்கமே அவருக்கு எதிராகவும் போனது. ‘கிராமத்து அழகு’ என்ற தலைப்போடு, யாரோ எடுத்த புகைப்படம் போல அவை சுற்றின. கவிதைகளுக்குத் துணைப் படமாயின, வாழ்த்து அட்டைகளாயின. பொறுமையாக உட்கார்ந்து ஒரு சேலையின் மடிப்பை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய உழைப்பு, ஒரு கேமரா சொடுக்காகக் குறைந்துபோனது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. ‘இந்தப் படங்களை வரைந்தது இவரா!’ என்று பலர் வியந்து எழுதியது அஞ்சலிக் குறிப்புகளில். அந்த வியப்பு அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குச் சேர்ந்திருக்க வேண்டியது.

இதையெல்லாம் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘கலை என்றாலே கொடுக்கல் வாங்கல்தானே, கம்பன் வான்மீகியிடமிருந்து எடுக்கவில்லையா?’ எடுத்தான். எடுத்ததைச் சொல்லிவிட்டு எடுத்தான். வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூவர் என்றும், அவர்களுள் முந்தியவரின் வழியைத் தான் பின்பற்றுவதாகவும் பாயிரத்திலேயே கம்பன் பதிவு செய்கிறான். தமிழில் மறுஆக்கத்தின் தலைமகன் அவன். மூலத்தை ஒப்புக்கொண்டதால் அவன் புகழ் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை.

அவன் மட்டும் அல்ல. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுபவர் சொல்ல வேண்டியவை என்று நன்னூல் எட்டு இலக்கணங்களை வரிசைப்படுத்துகிறது. முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இது எந்த நூலின் தொடர்ச்சியாக வந்தது என்பது. நூலின் பெயரும் அது சொல்லும் பொருளும் இவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புலவரின் இயற்பெயர் கிடைக்காதபோது அந்த இடத்தை வெறுமையாக விட அவர்களுக்கு மனம் வரவில்லை. பாடலில் இருந்த அரிய தொடர் ஒன்றை எடுத்து, செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டு வைத்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் மட்டும் இருந்த காலத்தில் தொகுப்பாசிரியர்கள் எடுத்துக்கொண்ட பாடு அது. சில விநாடிகளில் படத்தின் மூலத்தைத் தேடித் தரும் கருவியைக் கையில் வைத்திருப்பவர்கள் ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவதற்கு அந்த மரபில் எங்குமே இடமில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, படைத்தவர் தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று உரிமை கோரலாம் என்கிறது. பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கலாம் என்கிறது. படைப்பின் உரிமையை முழுதாக விற்றுக் காசு வாங்கிவிட்ட பிறகும் இந்த இரண்டும் அவரிடமே இருக்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டமும் படைத்தவரின் இந்தத் தார்மிக உரிமையை ஏற்கிறது. சிற்பி அமர்நாத் செகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டுப் பாழாக்கியது. பணம் கொடுத்து வாங்கியது அரசு. ஆகவே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது அதன் நிலை. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிற்பத்தின் எச்சங்களைச் செகலிடமே ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசுக்கே வரம்பு உண்டு என்றால், காசு கொடுக்காமல் பதிவிறக்கியவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

நாட்டுடைமையைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பாரதியை அச்சிடலாம் என்றானது. பாரதியின் பெயரை எடுத்துவிட்டு அச்சிடலாம் என்று ஆகவில்லை. இன்னொரு பக்கம், யாரோ எழுதிய வரிகளின் அடியில் அப்துல் கலாம் படத்தை ஒட்டி அனுப்பும் வழக்கமும் பெருகியிருக்கிறது. எழுதியவரிடமிருந்து வரியைப் பறிப்பது ஒரு குற்றம். சொல்லாதவர் வாயில் அதைத் திணிப்பது இரண்டாவது குற்றம்.

பெயர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. முதலில் சொன்ன அந்தத் தவறான நம்பிக்கையின் நாகரிகமான வடிவம் இது. அதையும் எதிர்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் பிரின்ஸ் 2014இல் பிறருடைய இன்ஸ்டாகிராம் பதிவுகளை அப்படியே பெரிதாக அச்சிட்டு, அடியில் தம் கருத்து ஒன்றைச் சேர்த்து, நியூயார்க் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். சில படங்கள் 90,000 டாலர் வரை விலைபோயின. பதிவிட்டவரின் கணக்குப் பெயர் ஒவ்வொரு படத்தின் தலையிலும் தெரிந்தது. யாரையும் மறைக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் அவற்றுள் ஒன்று டொனால்ட் கிரகாம் ஜமைக்காவில் எடுத்த ராஸ்தாஃபாரியரின் படம். தலையில் தெரிந்த பெயர் கிரகாமுடையது அல்ல. அவர் படத்தை எடுத்துத் தம் பக்கத்தில் போட்டிருந்த வேறொருவருடையது. கிரகாமும் எரிக் மெக்நாட் என்ற இன்னொரு கலைஞரும் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜனவரியில் இரண்டு வழக்குகளிலும் பிரின்ஸுக்கு எதிராகத் தீர்ப்பு பதிவாகி, இழப்பீடு தர வேண்டியதாயிற்று. பகிர்ந்தவர் பெயரைப் போடுவது படைத்தவர் பெயரைப் போட்டதாகாது. படைத்தவர் பெயரையே போட்டாலும், அதை வைத்துப் பொருள் விற்கப் போகிறவர் முதலில் அவரிடம் கேட்டாக வேண்டும். பெயரும் அனுமதியும் இரண்டு தனிக் கடன்கள். ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

இணைய நகைச்சுவையின் உலகம் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. பிறருடைய நகைச்சுவைத் துணுக்குகளைத் தொகுத்துப் போட்டே பெரும் பணம் சம்பாதித்த அமெரிக்காவின் ஜெர்ரி மீடியா நிறுவனத்துக்கு எதிராக 2019இல் நகைச்சுவைக் கலைஞர்கள் திரண்டார்கள். அதன் நிறுவனர் இனி முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் வெளியிடுவோம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. தமிழ் மீம் பக்கங்களில் இந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. வடிவேலுவின் முகத்தை வைத்து மீம் செய்கிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முகம் யாருடையது என்று தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காட்சிக்குப் புதிய பொருளைக் கண்டுபிடித்ததும் ஒரு படைப்புதான். ஆனால் அப்படி ஒருவர் யோசித்துச் செய்த மீமில் அவர் முத்திரையை அழித்துவிட்டு, தங்கள் பக்கத்தின் முத்திரையைக் குத்தி, விளம்பரக் காசு பார்ப்பது திருட்டு. அதற்கு வேறு சொல் கிடையாது. 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம், ஒரே பதிவின் நகல்கள் இருந்தால் மூலப் பதிவையே பரிந்துரையில் காட்டுவோம் என்றது. 2025 ஜூலையில் ஃபேஸ்புக், பிறர் பதிவைத் தொடர்ந்து எடுத்தாளும் கணக்குகளுக்கு வருமானத்தையும் பரவலையும் குறைப்போம் என்றது. நகல்களால் வளர்ந்த தளங்களே இப்படிப் பேச ஆரம்பித்திருக்கின்றன.

இலவசமாகக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் பெயரின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. என் படைப்பை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கலைஞர்கள் தாமாகவே முன்வந்து அறிவிப்பதற்கான ஏற்பாடு அது. ‘என் பெயரைச் சொல்ல வேண்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்ப்பதும் விடுவதும் அப்போது அவரவர் விருப்பம். நூற்றில் 97, 98 பேர் அந்த நிபந்தனையைச் சேர்த்தார்கள். ஆகவே 2004இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எல்லா உரிமங்களிலும் நிலையாக்கிவிட்டார்கள். பணம் வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், மாற்றியும் பயன்படுத்தலாம் என்று கையை விரித்தவர்கள்கூட விட்டுக்கொடுக்க மறுத்த ஒரே பொருள் பெயர். தமிழ் விக்கிப்பீடியாவிலும் விக்கிமீடியா பொதுவகத்திலும் கிடைக்கும் கோயில், பறவை, தாவரப் படங்களில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டில் வந்தவை. கேமராவோடு கழுகுமலைக்கும் கூந்தன்குளத்துக்கும் சொந்தச் செலவில் போய் வந்த தன்னார்வலர்கள் தந்த கொடை. அதை எடுத்து நூலில் அச்சிட்டு, ‘நன்றி: விக்கிப்பீடியா’ என்று முடித்துக்கொள்ளும் பதிப்பாளர்கள், அவர்கள் வைத்த அந்த அடிப்படை நிபந்தனையையும் மீறுகிறார்கள்.

தொழில்நுட்பமே பெயரை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஸ்கிராட்ச் தளத்தின் அனுபவத்தைப் பார்க்கலாம். எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகம் 2007இல் தொடங்கிய தளம் அது. பிள்ளைகள் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் நிரலாக எழுதிப் பகிர்வார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்து மாற்றலாம். அதுதான் அந்தத் தளத்தின் உயிர். ஆனால் என்னுடையதைத் திருடிவிட்டான் என்ற புகார்கள் குவிந்தன. ஆகவே மறுஆக்கம் செய்யும்போதெல்லாம் மூலத்தைச் செய்தவரின் பெயர் தானாகவே தோன்றும்படி செய்தார்கள். புகார்கள் நிற்கவில்லை. 2011இல் ஆந்த்ரேஸ் மொன்ரோய்-எர்னாந்தெஸும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் மற்ற ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இயந்திரம் ஒட்டிய பெயரைப் பிள்ளைகள் அங்கீகாரமாகவே கருதவில்லை. எடுத்தவரே தம் கையால், ‘இது இன்னார் செய்ததிலிருந்து வந்தது’ என்று எழுதியபோதுதான் மூலத்தைச் செய்த பிள்ளை சமாதானமானது. பள்ளி வயதுப் பிள்ளைகளே இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பெயரைச் சொல்வது ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் உழைப்பைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ளும் செயல். அதை மென்பொருளிடம் ஒப்படைக்க முடியாது. ‘உரியவர்களுக்கு நன்றி’ என்ற பொதுவரியும் அந்த இயந்திர வரியைப் போன்றதே. யாருக்கு நன்றி என்று அதில் இல்லை.

செயற்கை நுண்ணறிவால் படம் செய்யும் காலம் வந்துவிட்டது, இனி இதெல்லாம் பழங்கதை என்று சொல்வோரும் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஜப்பானிய அசைபட ஸ்டூடியோவான ஜிப்லியின் பாணியில் கோடிக்கணக்கானவர்கள் தங்கள் குடும்பப் படத்தை மாற்றி மகிழ்ந்தார்கள். அந்தப் பாணி வானத்திலிருந்து விழவில்லை. ஹயாவோ மியசாக்கியும் அவருடைய ஸ்டூடியோ ஓவியர்களும் 1985 முதல் கையால் வரைந்து வரைந்து உண்டாக்கியது. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் இத்தகைய கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்ததும் ‘எங்கள் உழைப்பை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்காகவே. எடுக்கும் கை பெரிதாகிவிட்டது என்பதால் கடன் சிறிதாகிவிடாது.

கோலத்துக்கோ ஒப்பாரிக்கோ யாரும் பெயர் கேட்கவில்லை. ஊரே சேர்ந்து உண்டாக்கியதை ஊரே எடுத்துக்கொள்கிறது. ஒரு தனி மனிதர் ஒரு தனி இரவில் உட்கார்ந்து வரைந்ததை ஊர்ச் சொத்தாக்குவதுதான் அநியாயம். ‘அவருக்கு விளம்பரம்தானே’ என்ற சமாதானத்தையும் இனியாவது விட்டுவிட வேண்டும். பெயர் இல்லாமல் பரவும் படம் யாருக்கு விளம்பரம்? ‘நாங்கள் காசு பார்க்கவில்லையே’ என்பதும் அப்படித்தான். எடுத்தவருக்கு லாபம் வந்ததா என்பதை வைத்து இழந்தவரின் நஷ்டத்தை அளக்க முடியாது.

அடுத்த ஆண்டு மலரையும் கவிதைத் தொகுப்பையும் விழா அழைப்பிதழையும் தயாரிக்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ படத்தைக் கொடுத்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் வரைந்தவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரைப் படத்தை ஒட்டியே, படிக்கும் அளவில் போடுங்கள். எதையாவது மாற்றியிருந்தால் மாற்றியதையும் சொல்லுங்கள். கையெழுத்தை வெட்டாதீர்கள். யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்தப் படம் உங்கள் மலரில் வர வேண்டாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ நியாயமான தொகை கொடுத்து அட்டையை வரையச் சொல்லுங்கள். அட்டையைத் திருப்பியதும் முதல் பக்கத்தில் அவர் பெயரை அச்சிடுங்கள்.